அண்ணி ஊற்றிய காவிரித் தண்ணீர்

என் மேசை மேல் ஒரு செம்பு இருக்கிறது. காசிக்குப் போகிறவர்கள் கங்கை நீரை அடைத்து வாங்கி வருவார்களே, உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தச் சின்னச் செம்பு. மூடியைச் சுற்றி ஈயம் வைத்து அடைத்திருந்த இடத்தில் இப்போது கத்தி கீறிய தழும்பு. பேனா போட்டு வைக்கலாமென்றால் கழுத்து குறுகல். பாத்திரக் கடையில் போட மனம் வரவில்லை. அம்மா இதைக் காசியிலிருந்து கொண்டுவந்து திருச்சி கே.கே. நகரில் எங்கள் வீட்டின் பூஜை அலமாரியில் வைத்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. "யாருக்குக் கடைசி நேரமோ அன்னிக்குத்தான் திறக்கணும். அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாது" என்று எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னார். பக்கத்தில் நின்ற அண்ணி, அதாவது என் அண்ணனின் மனைவி, செம்பைக் கையில் வாங்கி அடைப்பை விரலால் தடவிப் பார்த்தார். "அன்னிக்குத் திறக்கும்போது உள்ள தண்ணி இருக்குமா அத்தை?" என்று கேட்டார். அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. அண்ணி கிண்டலுக்குக் கேட்கவில்லை. அவருடைய படிப்பே அந்தக் கேள்விதான் என்பது அம்மாவுக்கு எப்படித் தெரியும்?

அண்ணி ஒரு கல்லூரியில் நுண்ணுயிரியல் பாடம் எடுத்துக்கொண்டே முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தார். அணுமின் நிலையங்களில் எரிந்து முடிந்த எரிபொருளின் கழிவை என்ன செய்வது என்று உலகம் முழுக்க யோசிக்கிறார்கள். கண்ணாடியோடு உருக்கிக் கலந்து, உலோகக் கலனில் போட்டு அடைத்து, பூமிக்குள் ஆழமாகப் பாறையைக் குடைந்து, சுற்றிலும் களிமண்ணை இறுக்கி வைத்துவிடலாம் என்பது ஒரு வழி. பேரன் பேத்திகளுக்கும் அவர்களுடைய பேரன் பேத்திகளுக்கும் அப்பால் எத்தனையோ தலைமுறைக்கு அது அங்கேயே இருக்க வேண்டும். கலனைப் பாறை நசுக்குமா, தண்ணீர் அரிக்குமா என்று மற்றவர்கள் கணக்குப் போட்டார்கள். அண்ணி கேட்டது வேறு. அந்த ஆழத்தில், காற்றும் வெளிச்சமும் இல்லாத இடத்தில், கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இருக்கின்றன. அவை கலனை என்ன செய்யும்?

நான் வெல்டிங் ஆய்வாளன். ஓட்டை தேடியே சம்பளம் வாங்கியவன். எங்கள் ஊரில் கொதிகலன் செய்கிறவர்களும் அவர்களுக்கு உதிரி செய்து கொடுக்கும் பட்டறைகளும் அதிகம். எடமலைப்பட்டி புதூரில் அப்படி ஒரு பட்டறையில் எனக்கு வேலை. ஒட்டு சரியாக இருந்தால் கலன் சரியாக இருக்கும், இதில் கிருமிக்கு என்ன வேலை என்பது என் கட்சி. சாப்பாட்டு மேசையில் அண்ணியிடம் வாதாடுவேன். அவர் சாதத்தைப் பிசைந்தபடியே பதில் சொல்வார். கந்தகச் சத்தைத் தின்று அழுகின முட்டை நாற்றமுள்ள வாயுவை விடும் உயிர்கள் இருக்கின்றன, அந்த வாயு செம்பையும் எஃகையும் அரிக்கும் என்பார். "சாப்பிடும்போதா இதைச் சொல்லணும்?" என்று அண்ணன் எழுந்து போவார். எல்லாக் கிருமியும் எதிரி இல்லை என்றும் அண்ணி சொல்வார். இரும்பு துருப்பிடிக்கும்போது கிளம்பும் வாயுவைத் தின்று உள்ளே அழுத்தம் ஏறாமல் காப்பவை உண்டு. தண்ணீரில் கரைந்த யுரேனியத்தைக் கரையாத நிலைக்கு மாற்றி, இருந்த இடத்திலேயே உட்கார வைப்பவையும் உண்டு. "யார் எந்தப் பக்கம்னு தெரியாம கதவை அடைச்சா எப்படி தம்பி?" என்பார். களிமண்ணை ஏன் அவ்வளவு இறுக்க வேண்டும் என்று நான் கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை இன்றும் நினைத்துச் சிரிப்பேன். "ஆடிப்பெருக்கு அன்னிக்கு ஸ்ரீரங்கம் பஸ்ல ஏறியிருக்கீங்கள்ல? அதுல நின்னுக்கிட்டு இலை போட்டுச் சாப்பிட முடியுமா? அந்த மாதிரிதான். இடம் இல்லேன்னா அதுங்க சாகாது. ஆனா சும்மா இருக்கும்."

வெளியூர் ஆராய்ச்சி நிலையம் ஒன்று இதற்காகச் சின்னச் சின்ன மாதிரிக் கலன்கள் செய்யக் கேட்டது. அணுக்கழிவு எதுவும் கிடையாது. வெறும் கண்ணாடிக் கட்டியை உள்ளே வைத்துக் களிமண்ணில் புதைத்து, வருஷக்கணக்கில் கவனிப்பதற்கான துருப்பிடிக்காத எஃகுக் கலன்கள். நுண்ணுயிர் பகுதியைப் பார்த்துக்கொள்ள அண்ணியின் கல்லூரியைச் சேர்த்துக்கொண்டார்கள். கலன் செய்யும் வேலை எங்கள் பட்டறைக்கு வந்தது. வீட்டில் அன்று பாயசம். அண்ணியும் நானும் ஒரே வேலையில் சேர்ந்ததில் அம்மாவுக்குத்தான் பெருமை அதிகம்.

அண்ணி பட்டறைக்கு வந்து எல்லாரையும் கூட்டிவைத்து ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். கலன் ஒழுகுகிறதா என்று பார்க்கத் தண்ணீர் நிரப்பி அழுத்தம் கொடுப்போம். அதற்குக் குழாய்த் தண்ணீரும் போர்வெல் தண்ணீரும் கூடாது, சுத்திகரித்த நீர் மட்டும்தான். சோதனை முடிந்த உடனே வடித்துவிட வேண்டும், உள்ளே ஈரம் இல்லாமல் காய வைக்க வேண்டும். தேங்கின தண்ணீரில் கிருமி முதலில் போய் உட்காருவது ஒட்டு வைத்த இடத்தில்தான். இதை அழகான கையெழுத்தில் எழுதி, சோதனைத் தொட்டிக்கு மேலே அவரே ஒட்டினார். பட்டறைக்காரர்கள் அவரை மேடம் என்று கூப்பிட்டார்கள். முதலாளி மட்டும் 'தங்கச்சி' என்பார்.

அந்த வருஷம் மழை பொய்த்து, மேட்டூரில் தாமதமாகத் திறந்த தண்ணீர் ஆடிப்பெருக்குக்குச் சரியாகத் திருச்சி வந்து சேர்ந்தது. வெறும் மணலாகக் கிடந்த காவிரியில் நுரையோடு தண்ணீரைப் பார்த்ததும் ஊருக்கே பைத்தியம் பிடித்துவிட்டது. அண்ணி ஒவ்வொரு வருஷமும் எலுமிச்சஞ்சாதமும் தேங்காய்ச்சாதமும் கட்டிக்கொண்டு ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறைக்குப் போகிறவர். அந்தமுறை கும்பலில் முண்டியடித்து இறங்கி, மஞ்சள் கயிறு மாற்றி, புடவை முழுக்க நனைந்து திரும்பினார். திரும்புகிற வழியில் முதல் தொகுதிக் கலன்களின் சோதனையைப் பார்க்க என்னோடு பட்டறைக்கு வந்தார். அங்கே முதலாளி ஒரு பித்தளைக் குடத்தோடு காத்திருந்தார். அவரும் காலையில் படித்துறைக்குப் போய் வந்திருந்தார். குடத்து நீரில் மஞ்சளும் பூவிதழும் மிதந்தன.

"பூமாதேவி மடியில போய் உக்காரப்போற சாமான் தங்கச்சி. காவேரித் தண்ணி படாம அனுப்பலாமா? சுமங்கலி கையால ஊத்தணும். நீங்களே ஊத்துங்க" என்றார். வேலைக்காரர்கள் எல்லாரும் குளித்து, விபூதி பூசி வரிசையாக நின்றார்கள். கலன்களில் சுத்தமான நீர் நிரம்பியிருந்தது, வாய் இன்னும் மூடவில்லை. அண்ணி என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த அவர் கையெழுத்தைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். பிறகு குடத்தை வாங்கி, கலனுக்குக் கொஞ்சமாக வரிசையாக ஊற்றினார். யாரோ குலவையிட்டார்கள். வீட்டுக்கு வரும் வழியில், "முதலாளி கட்டாயப்படுத்திட்டாருன்னு நினைக்காதீங்க தம்பி. எனக்கும் ஆசையாத்தான் இருந்துது. சாயங்காலம் வடிச்சுடப் போறாங்க, என்ன ஆயிடும்?" என்றார்.

வடிக்கவில்லை. அழுத்தச் சோதனை முடிந்து ஃபோர்மேன் வால்வைத் திறக்கப் போனபோது முதலாளி தடுத்துவிட்டார். சாமி கும்பிட்ட தீர்த்தத்தைச் சாக்கடையில் விடுவதா? கால் படாத இடத்தில் ஊற்ற வேண்டும், அல்லது நல்ல நாள் பார்த்து ஆற்றிலேயே விட வேண்டும். நம் ஊரில் யாரும் இதை எதிர்த்துப் பேசமாட்டார்கள். அண்ணி மறுநாள் போனில் கேட்டார், வெள்ளிக்கிழமை விட்டுவிடலாம் என்றார் முதலாளி. வெள்ளிக்கிழமைக்குள் அவரவர் குலதெய்வக் கோயிலில் காப்புக் கட்டி, பட்டறையே காலி. ஆடி மாதம் எங்கள் பக்கத்து ஆட்களை வேலைக்குப் பிடித்து நிறுத்த முடியாது. நான் ஒரு ஆய்வு வேலையாக வெளி மாநிலத்தில் மாட்டிக்கொண்டிருந்தேன். அண்ணிக்குக் கல்லூரியில் பரீட்சை. ஆவணி பிறந்து திறந்து பார்த்தபோது அழுகின முட்டை நாற்றம் பட்டறை முழுக்க அடித்தது. ஒட்டு ஓரமாகத் துருநிறத்தில் கோடு கோடாக வழிந்திருந்தது. எக்ஸ்ரே எடுத்தோம். வெளியே குண்டூசி முனை அளவு வாய், உள்ளே குடைந்து குடைந்து பெரிய வயிறு. என் வேலைக் காலத்தில் அவ்வளவு அழகான வெல்டிங்கை நான் பார்த்ததில்லை. அது அப்படிப் போனதைப் பார்க்க எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அண்ணி அழவில்லை. கலனுக்குள் படிந்திருந்த வழுக்கலைச் சுரண்டி எடுத்துக்கொண்டு கல்லூரிக்குப் போனார். சில நாள் சரியாகச் சாப்பிடாமல் நுண்ணோக்கியே கதியாக இருந்தார். ஆற்று நீரில் இருந்தவைதான், மஞ்சளும் பூவும் அழுகினதைத் தின்று பெருகியிருக்கின்றன என்று உறுதி செய்தபோது அவர் முகத்தில் துக்கத்தோடு ஒரு வெளிச்சமும் இருந்தது. "தம்பி, பாறைக்குள்ள என்ன கிருமி இருக்குன்னுதானே எல்லாரும் தேடுறோம்? நாம உள்ள கொண்டுபோறதுதான் முதல்ல ஆபத்து. தோண்டுறவன் கை, கருவி, தண்ணி, காத்து. அவ்வளவு ஏன், ஒருத்தியோட பக்தி. எழுதிட்டேன்னா இதுதான் என் ஆராய்ச்சியிலேயே பெரிய விஷயம்" என்றார். கலன் போன நஷ்டத்தை அவர் அப்படித்தான் சரிக்கட்டிக்கொண்டிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முதலாளியும் அவர் மனைவியும் தட்டில் பழம், பூவோடு வீட்டுக்கு வந்தார்கள். தண்ணீர் ஊற்றிக் கெடுத்தான் என்று வெளியே தெரிந்தால் இனி ஒருவனும் பட்டறைக்கு வேலை தரமாட்டான், இத்தனை குடும்பமும் தெருவுக்கு வந்துவிடும் என்று முதலாளி சொன்னார். பேச்சு நடுவில் குரல் உடைந்தது. "தப்புன்னா என் தப்பு. ஆனா காவேரி ஆத்தாளைக் குத்தம் சொல்லி எழுதிடாதீங்க தங்கச்சி" என்றார். அண்ணி தட்டை வாங்கி வைத்துக்கொண்டார். அவர்கள் போனபின் நான் அண்ணியோடு சண்டையே போட்டேன். "எழுதுங்க அண்ணி. எனக்கு வேலை போனா வேற பட்டறை இருக்கு" என்றேன். "உங்களுக்கு இருக்கு. அங்க நின்னவங்க எல்லாருக்கும் இருக்கா?" என்று கேட்டார். கிருமி எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை என ஆராய்ச்சி நிலையத்துக்கு எழுதி அனுப்பினார். எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாத கிருமியை வைத்துக்கொண்டு யார் பட்டம் தருவார்கள்? வழிகாட்டிப் பேராசிரியர் கேட்டார், இவர் சொல்லவில்லை. கலன் செய்யும் வேலை வேறு ஊருக்குப் போனது. ஆய்வு பாதியில் நின்றது. அண்ணி கடைசிவரை முனைவர் ஆகவே இல்லை.

எனக்கு அந்த வருத்தம் ஆறவில்லை, இன்றும் ஆறவில்லை. மனிதர்கள்தான் சுரங்கத்துக்குள் புதுக் கிருமிகளைக் கொண்டுபோகிறார்கள் என்பதைப் பிறகு அந்தத் துறையில் எல்லாரும் சாதாரணமாகப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அப்படி ஏதாவது படித்தால் வெட்டி எடுத்து அண்ணியிடம் கொடுப்பேன். "பாருங்க, நீங்க அன்னிக்கே சொன்னது" என்பேன். மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு முழுக்கப் படிப்பார். "நல்லா எழுதியிருக்காங்க" என்று மடித்துத் திருப்பித் தருவார். முதலாளி இருக்கும்வரை வேண்டாம் என்பது அவர் முடிவு. முதலாளி நீண்ட ஆயுளோடு இருந்தார். அவர் போய், பட்டறை இருந்த இடத்தில் டூவீலர் ஷோரூம் வந்தபோது, எழுத வேண்டிய கை நடுங்க ஆரம்பித்திருந்தது.

போன பங்குனியில் அண்ணியை ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கே கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்கள். பகல் நேரம். மூச்சு மேலே மேலே வாங்கியது. அண்ணன் பூஜை அலமாரியைத் திறந்து அந்தச் செம்பை எடுத்தார். எங்கள் அம்மா மதுரைக்குப் போன இடத்தில் திடீரென்று இறந்துவிட்டதால் அது பயன்படாமலே இருந்தது. அண்ணன் கத்தியால் ஈயத்தைக் கீறி மூடியைப் பெயர்த்துக் கரண்டியில் சாய்த்தார். ஒன்றும் வரவில்லை. உதறினார். பச்சைப் பொடி கொஞ்சம் உதிர்ந்தது. அண்ணன் செம்பைப் பிடித்துக்கொண்டு குழந்தைபோல் அழுதார்.

அண்ணி கண்ணைத் திறந்து என்னைத்தான் பார்த்தார். "எங்க ஓட்டை?" என்று உதடு அசைந்தது. நான் செம்பை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்தேன். அடிப்பாகம் ஒட்டிய இடத்தில் குண்டூசி முனை அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது. "ஒட்டுலதான் அண்ணி" என்றேன். அவர் லேசாகச் சிரித்தார். அது கிருமி செய்த ஓட்டையா, செம்பைச் செய்தவன் கைத் தவறா என்று எனக்குத் தெரியாது. பார்த்துச் சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான். "இப்பவாவது எழுதிடுங்க தம்பி. நான்தான் ஊத்தினேன்னு" என்றார்.

எழுதிவிட்டேன் அண்ணி. நீங்கள் எழுதியிருந்தால் உங்கள் பெயருக்கு முன்னால் ஒரு பட்டம் இருந்திருக்கும். நான் எழுதியதில் உங்கள் பெயர்கூட இல்லை, அண்ணி என்று மட்டும்தான் இருக்கிறது.

அன்று செம்பைக் கீழே வைத்துவிட்டு, நான் சமையலறைக்கு ஓடிக் குழாயில் ஒரு தம்ளர் பிடித்துக்கொண்டு வந்தேன். அண்ணன் கரண்டியில் எடுத்து அவர் வாயில் விட்டார். எங்கள் தெருக் குழாயில் வருவது காவிரித் தண்ணீர்தான். அண்ணி ஒரு வாய் விழுங்கினார்.