மூடுபனி நின்ற இடம்

எங்கள் நோகோக் பள்ளத்தாக்கில் போங்சிக் மாமாவைப் போல ஒரு சாதுவைத் தேடினாலும் கிடைக்காது. என் அக்காவைக் கட்டியவர் என்பதற்காகச் சொல்லவில்லை; அக்காவே அதை ஒரு குறையாகத்தான் சொல்வாள். அவருக்குச் சந்தையில் பேரம் பேச வராது. இரண்டு கிண்ணம் சோஜு சாராயம் உள்ளே போனால் அழுதுவிடுவார். பெர்சிமன் பழத்தைத் தோல் சீவி, காம்பில் கயிறு கட்டி, கொட்டகையில் தொங்கவிட்டுக் காயவைப்பதுதான் தெரிந்த தொழில். அப்படிப்பட்டவரைப் பிடித்து உலர்பழச் சங்கத்துக்குச் செயலாளர் ஆக்கினார்கள். மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவன் தலையில்தானே ஊரே மூட்டையை இறக்கும்!

அந்த நாளில் வெளியூர் வியாபாரிகள் எங்கேயோ சூட்டு அறையில் வாட்டிய பழத்தைப் பெட்டியில் போட்டு, மேலே 'நோகோக் பழம்' என்று அச்சடித்து விற்றுக்கொண்டிருந்தார்கள். எரிச்சல் தாங்காமல் சங்கம் புவிசார் குறியீட்டுக்கு மனுப் போட்டது. அது கிடைத்துவிட்டால் அந்தப் பேரை வேறு எவனும் தொட முடியாது. ஆனால் நோகோக் என்றால் எதுவரை? அதற்கு எல்லை வேண்டும். ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: ஆற்றிலிருந்து விடிகாலையில் ஏறும் மூடுபனி எதுவரை வருமோ அதுவரை. இரவில் மலைக்காற்று பழத்தை உலர்த்தும், காலையில் பனி தோலை இளக்கும். எங்கள் பழம் உள்ளே பாகாக இருப்பது அதனால்தான்.

மேட்டில் கடைசி வீடு மால்யே அண்ணியுடையது. மாமாவின் சிநேகிதரைக் கட்டி, சீக்கிரமே அவரைப் பறிகொடுத்தவள். வாய் கொஞ்சம் நீளம். ஆனால் அவள் பழத்துக்கு ஈடாக இந்தப் பள்ளத்தாக்கில் இன்னொன்று இல்லை. வெளியூர் விருந்தாளி வந்தால், அவர் எந்த வீட்டுக்கு வந்திருந்தாலும் ஊரிலேயே நல்ல பழம்தான் தட்டில் வைக்கப்படும்; யார் வீட்டுப் பழம் என்று யாரும் வாயைத் திறக்கக் கூடாது. இது எங்கள் ஊர் வழக்கம். அப்படி வருஷா வருஷம் மேட்டு வீட்டிலிருந்துதான் தட்டு இறங்கி வரும்.

எல்லை பார்க்க அதிகாரி வந்த அன்று அவரை என் வண்டியில்தான் ஏற்றி வந்தேன். நான் ஆற்றங்கரையில் நின்றுகொண்டேன். மாமா அவரைக் கூட்டிக்கொண்டு மேடேறினார். அன்றைக்கென்று பனிக்கு என்ன கோபமோ, மால்யே அண்ணி வீட்டுக்குச் சற்றுக் கீழே, ஊற்றடியிலேயே நின்றுவிட்டது.

"இதுக்கு மேல வராதுங்களா?" என்று அதிகாரி கேட்டிருக்கிறார். "சந்தேகம்னா சொல்லிடுங்க. அடுத்த வருஷம் கருவியோட வந்து அளந்துக்கலாம்."

பெரும்பாலான காலைகளில் பனி அண்ணியின் கூரையையே மூடும் என்பது மாமாவுக்குத் தெரியாதா? ஆனால் இன்னொரு வருஷம் என்றால் சங்கத்தார் கிழித்துத் தோரணம் கட்டுவார்கள். அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாராம். வருஷாந்தரப் பழக் கண்காட்சியில் எப்போதும் அண்ணியின் தட்டு முதலில் காலியாக, தன் தட்டு அப்படியே கிடக்கும் எரிச்சலும் ஒரு ஓரத்தில் இருந்ததாம். குனிந்து, அவிழாத ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டினார். அதிகாரி ஊற்றடியில் எல்லைக் கொடி நட்டார்; அண்ணியின் வீடு வெளியே நின்றது.

இறங்கி வந்ததும் சங்கக் கூடத்தில் தட்டு வந்தது. அண்ணியின் பழம்தான். அதிகாரி ஒன்றைக் கடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். "இதுக்குப் பேரு குடுக்கலைன்னா பாவம்ங்க" என்றார். சங்கத்தார் பல்லைக் காட்டினார்கள். தேநீரைக் குடித்த மாமாவுக்குப் புரையேறியது.

பேர் கிடைத்தது. எங்கள் பெட்டிகளில் குறியீட்டின் பொன்னிறச் சீட்டு ஏறியது, விலையும் ஏறியது. அண்ணியின் பெட்டிகளைச் சியோல் கடைக்காரன் திருப்பி அனுப்பினான். சீட்டு இல்லாமல் அந்தப் பேர் இருந்தால் அவன் கடைக்குத்தான் அபராதம். அந்தப் பெட்டிகளை மேட்டில் இறக்கிப் போட்டவன் நான்தான். அண்ணி பெட்டியின் மேலிருந்த ஊர்ப் பேரை ஆணியால் சுரண்டினாள்.

மாமா அதற்குப் பிறகு பழத்தைக் கையால் தொடுவாரே தவிர வாயில் வைக்கவில்லை. அண்ணியைக் கண்டால் வேறு சந்தில் திரும்பிவிடுவார். ஒருநாள் சங்கக் கூட்டத்தில் எழுந்து, பனி மேட்டு வீடு வரைக்கும் போகும், எல்லையைத் திருத்த எழுதுவோம் என்றார்.

"எழுதினா மேட்டுக்குப் பின்பக்க ஊர்க்காரனும் எங்களையும் சேருன்னு வந்து நிப்பான். விலை என்ன ஆகும்? உக்காருய்யா!" என்றார் தலைவர். எல்லோரும் சிரித்தார்கள். மாமா உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் அண்ணியின் சரக்கை ஏற்ற நான் போனபோது அவரும் வண்டியில் ஏறிக்கொண்டார். அண்ணி முற்றத்தில் பழம் சீவிக்கொண்டிருந்தாள். மாமா மண்ணில் மண்டியிட்டு, ஊற்றடியில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார்.

"தெரியும் தம்பி" என்றாள் அண்ணி. கத்தி நிற்கவில்லை. "அன்னிக்கு நான் இங்கதான் நின்னேன். நீ என்னை நிமிந்து பாத்த. அப்புறம் குனிஞ்ச. நான் குடுத்தனுப்பின தட்டு அப்பத்தான் கீழ போயிட்டிருந்துச்சு."

"அண்ணி, என் சீட்டைத் தரேன், உங்க பெட்டியில…"

"திருட்டுப் பேர்ல விக்கவா? ஏற்கெனவே என் பழத்தை வச்சு ஒரு பேரு வாங்கியாச்சு, அது போதாதா?"

மாமா அழுதார், சோஜு இல்லாமலே. "மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க அண்ணி. ராத்திரியில தூக்கமே வரல."

அண்ணி அப்போதுதான் கத்தியைக் கீழே வைத்தாள். "மாட்டேன். நான் மன்னிச்சா உனக்குத் தூக்கம் வந்துடும். தூங்கிட்டா எனக்காக யாரு கேப்பா? இந்த ஊர்ல என் பக்கம் இருக்குறது உன் மனசு உறுத்தல் ஒண்ணுதான். அதை நான் விட்டுட மாட்டேன். போ, அடுத்த கூட்டத்துலயும் எந்திரிச்சுக் கேளு."

அன்றிலிருந்து ஒரு கூட்டம் விடாமல் எழுந்து கேட்கிறார். முதலில் சிரித்தார்கள், பிறகு திட்டினார்கள், செயலாளர் பதவியைப் பிடுங்கினார்கள். போன கூட்டத்தில் இரண்டு பேர் சிரிக்காமல் தலையைக் குனிந்துகொண்டதை நானே பார்த்தேன்.

திரும்பி வரும்போது வண்டியில் கேட்டேன். "இத்தனை தடவை கேட்டாச்சே மாமா, இன்னும் அண்ணி மன்னிக்கலையா?"

"இல்ல மாப்ளே" என்றார். "மன்னிச்சுட்டா நான் எந்திரிக்க மாட்டேன்னு அவங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்."