பாய்லர் கரி விழுந்த துணிகள்

எங்கள் தெருவுக்குப் பின்னால் தோல் பதனிடும் ஷாப் ஒன்று இருக்கிறது. அதன் பாய்லருக்கு முன்பெல்லாம் விறகுதான் போட்டார்கள். அந்தப் புகை எங்களுக்குப் பழகியிருந்தது. பிறகு விறகை நிறுத்திவிட்டுக் கழிவை அரைத்து அழுத்திச் செய்த கட்டிகளைப் போட ஆரம்பித்தார்கள். யாரும் எங்களிடம் சொல்லவில்லை. வாசல் கொடியில் காயப்போட்ட துணியில் மிளகுத்தூளைத் தூவியதுபோலக் கறுப்பாகக் கரி விழுந்திருந்தது. தட்டினால் போகாது. தேய்த்தால் எண்ணெய்க் கறைபோல இழுத்துக்கொண்டு பரவும். ரப்பர் எரிந்த வாடை தலையணை உறைவரை வந்தது.

நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் வேலை செய்கிறேன். மிஞ்சுகிற தோல் துண்டு, ரெக்சின், ஃபோம், சோல் ரப்பர் எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டிவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவோம். ஒருநாள் மூட்டை ஏற்ற வந்த லாரிக்காரரிடம், "இதெல்லாம் எங்கண்ணா போவுது?" என்று கேட்டேன்.

"அரைச்சி கட்டி போடறாங்கம்மா. உங்க ஊட்டாண்ட இருக்குதே ஷாப், அங்கதான் பாய்லருக்குப் போவுது."

நான் கட்டிய மூட்டையைத்தான் எட்டாவது படிக்கும் என் மகள் மூச்சில் இழுத்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு இருமல் விடாமல் இருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர், வீட்டில் யார் பீடி பிடிக்கிறார்கள் என்று கேட்டார். யாரும் இல்லை என்றேன். இன்ஹேலர் எழுதிக்கொடுத்து, ஜன்னலைச் சாத்தி வைக்கச் சொன்னார். எங்கள் ஊர் வெயிலில், ஷீட் போட்ட வீட்டில், ஜன்னலைச் சாத்த வேண்டுமாம். எரிக்கிறவனுக்கு ஒரு கட்டுப்பாடும் கிடையாது. மூச்சு விடுகிறவர்கள்தான் அடங்கி இருக்க வேண்டும்!

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் புகார் கொடுத்தோம். அதிகாரிகள் புகையை அளக்கும் மெஷினோடு வந்தார்கள். வந்த நாளில் மட்டும் சிம்னியில் வெள்ளையாக, மெல்லிசாகப் புகை போனது. முந்தின நாளே ஷாப்புக்குள் விறகு லாரி நுழைந்ததைத் தெருவே பார்த்திருந்தது.

"எல்லாம் அளவுக்குள்ளதாம்மா இருக்குது" என்றார் அதிகாரி.

பக்கத்து வீட்டு அம்மாளை நாங்கள் எல்லோரும் ஆப்பா என்று கூப்பிடுவோம்; உருதில் அக்கா. அதிர்ந்து பேசாதவர். அவர் அன்றைக்குக் கேட்டார்: "நீங்க வர்றது அவங்களுக்கு எப்டி சார் தெரிஞ்சிது?"

அதிகாரி மெஷினின் ஒயரைச் சுருட்டினார். அவர்கள் ஜீப் போன கொஞ்ச நேரத்தில் புகை மறுபடியும் கறுத்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆப்பாவின் வெள்ளைத் துப்பட்டாவில் கரி விழுந்தது. தொழுகைக்குப் போடுவது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் வந்து நின்றார்.

"தொழற துப்பட்டாவையும் உடலியே! இன்னா நெனச்சிக்கினு இருக்காங்க இவங்க? எல்லாரும் துணிய எட்த்துக்கினு வாங்க."

ஈரத் துணிகளோடு போனோம். ஷாப் கேட்டின் கம்பிகளில் போர்வை, சேலை, ஸ்கூல் யூனிஃபார்ம் எல்லாவற்றையும் தொங்கவிட்டோம். இடம் போதாமல் மேனேஜர் காரின்மேலும் விரித்தோம். மேனேஜர் ஓடிவந்து, எல்லாவற்றையும் எடுத்து வீசும்படி வாட்ச்மேனிடம் கத்தினார். வாட்ச்மேன் எங்கள் தெருக்காரர். அவர் மனைவியும் எங்களோடு நின்றாள். அவர் அசையவில்லை.

"வேஸ்ட்ட குப்பையில கொட்டாம எரிக்கிறோம். ஊருக்கு நல்லதுதாம்மா பண்றோம்" என்றார் மேனேஜர்.

"குப்பையில இருந்தா சுத்திக்கினு போவோம் சார். மூச்ச எப்டி சுத்திக்கினு போறது?" என்றேன்.

அதற்குப் பிறகு சிம்னியை உயர்த்திக் கட்டினார்கள். வீட்டுக்கு வீடு ஸ்வீட் பாக்ஸ் அனுப்பினார்கள். ஆப்பா பிரிக்காமலே திருப்பி அனுப்பினார். எங்கள் துணியில் கரி குறைந்தது. மகளின் இருமலும் கொஞ்சம் தணிந்தது.

ஒருநாள் கம்பெனியில் என் பக்கத்து டேபிள் பெண் சொன்னாள்: "எங்காண்ட இப்ப கரி கொட்டுதுக்கா. வாசல்ல கோலம் போட்டா கறுத்துப்போவுது." அவள் வீடு பாலாற்றுக்கு அக்கரையில். சாப்பிட்டுக்கொண்டிருந்த டிபன் பாக்ஸை மூடிவைத்தேன். எரித்ததில் ஒன்றும் குறையவில்லை. சிம்னியை உயர்த்தி, கரி விழும் இடத்தை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். அதற்கா நாங்கள் சந்தோஷப்பட்டோம்?

ஆப்பாவும் நானும் அக்கரைக்குப் போனோம். அங்கிருந்த பெண்களையும் சேர்த்துக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்கப் போனோம். மனு வாங்கியவர் கேட்டார்: "உங்க தெருவுலதான் இப்ப பிரச்சனை இல்லியே, நீங்க ஏம்மா வந்தீங்க?"

"அவங்களும் மூச்சு உடறாங்க சார்" என்றார் ஆப்பா.

பலமுறை அலைந்த பிறகு, ரப்பரும் ரெக்சினும் கலந்த கட்டிகளை எரிக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. இப்போது விறகு லாரிகள் வருகின்றன. ஆனாலும் சில நாள் காற்றில் அதே வாடை அடிக்கிறது. அடித்தால் இரண்டு கரையிலிருந்தும் கலெக்டர் ஆபீசுக்குப் போன் போகும். அங்கே போனை எடுக்கும்வரை விடமாட்டோம்.