கட்டினவன் பெயர்

செங்கோட்டை திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில் அங்கே பிறந்தவள் ஜாஹிரா பீவி. பள்ளிக்கூடத்தில் அடிவாங்கிப் படித்த மலையாளம், தென்காசியில் ஒரு ஆஸ்பத்திரிக்கு ஆயாவாக வந்தபிறகுதான் உதவியது. கோட்டயத்திலிருந்து வந்த அன்னம்மா சிஸ்டருக்குத் தமிழ் சுத்தமாக வராது. நோயாளிக்கும் சிஸ்டருக்கும் நடுவில் ஜாஹிராதான் வாய். அதற்கென்று யாரும் பாராட்டியதில்லை. திட்டு மட்டும் இரண்டு பாஷையிலும் தாராளமாகக் கிடைத்தது.

செங்கோட்டை தமிழ் ஜில்லாவோடு சேர்ந்த இரண்டாம் வருஷம், சாரல் தூறிய ஒரு மத்தியானம், இலஞ்சியிலிருந்து சந்தனமாரி என்ற பெண்ணை மாட்டுவண்டியில் போட்டுக் கொண்டுவந்தார்கள். முதுகுப்பக்கம் தோளில் அரிவாள் வெட்டு, எலும்பு தெரிந்தது. கூடவே புருஷன், வேட்டியெல்லாம் ரத்தத்தோடு. வாசலில் சீட்டு எழுதும்போது தன் பெயர் குற்றாலிங்கம் என்று ஜாஹிரா காதுபடச் சொன்னான்.

"தேங்கா வெட்டயில அருவா மேல விழுந்துட்டா. தச்சு விடுங்க, கூட்டிட்டுப் போறேன்."

முதுகிலா விழுவாள், படுபாவி! இவனோடு திரும்பிப் போனால் அடுத்த வெட்டு கழுத்தில்தான் என்று ஜாஹிராவுக்குத் தெரிந்துவிட்டது. சிஸ்டருக்கும் சந்தேகம். வெட்டியது யார், பெயரைக் கேள் என்றாள்.

ஜாஹிரா கேட்டாள். சந்தனமாரி வாயைத் திறக்கவில்லை. புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவள். வெட்டுப்பட்டுக் கிடக்கும்போதும் வெட்டினவன் ஆயுசுக்குக் காவல்! ஜாஹிரா மறுபடியும் கேட்டாள்.

"அவுகதாங்க்கா," என்று கடைசியில் முனகினாள்.

குற்றாலிங்கம் ஜாஹிராவின் கூந்தலைக் கொத்தாகப் பிடித்தான். "ஏட்டி, விழுந்துட்டாண்ணு சொல்லு. இல்லன்னா நாக்க அறுத்துருவேன்."

"கட்டினவனே வெட்டியிருக்கிறான், பெயர் குற்றாலிங்கம், இவளை அனுப்பிவிடாதீர்கள்" என்று ஜாஹிரா மலையாளத்தில் கத்தினாள். எந்தப் பாஷையில் சொன்னாலும் அவன் பெயர் அவனுக்குப் புரியாதா? அவள் முகத்தைக் கட்டில் இரும்பில் மோதினான். இரண்டு பல் தெறித்தது. மறுபடியும் மோதினான். வார்டில் இருந்தவர்கள் பாய்ந்து அவனைக் கீழே தள்ளி, மிதித்து, கையைப் பின்னால் கட்டினார்கள். போலீஸ் வந்து இழுத்துப்போனது. சந்தனமாரி ஆஸ்பத்திரியிலேயே தங்கினாள்.

ஜாஹிராவின் கிழிந்த உதட்டைத் தைக்க உட்கார்ந்த சிஸ்டர், சேலை விலகிய தோளில் வரிசையாகப் பழைய சூட்டுத் தழும்புகளைப் பார்த்தாள்.

"இது யார் செய்தது?" என்று மலையாளத்தில் கேட்டாள்.

நிக்காஹ் ஆனதிலிருந்து ஜாஹிராவும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. எடுத்துச் சொல்ல நடுவில் வேறு ஆளும் இல்லை.

வாயில் ஊறிய ரத்தத்தைத் துப்பினாள்.

"மூசா," என்றாள். "என் மாப்பிள்ளை."