குளவியும் சகலையின் புது வெஸ்பாவும்

அவருக்குக் குளவி என்று பேர் வைத்தது தெருதான். கோபக்காரர் என்பதற்காக இல்லை; கோபம் வந்தால் முனகுவாரே தவிரக் கொட்டத் தெரியாதவர். வெஸ்பா என்றால் இத்தாலி மொழியில் குளவி என்பதை, பஞ்சர் ஒட்ட வந்தவருக்குக்கூடச் சொல்லாமல் அனுப்பமாட்டார். அதனால் ஒட்டிக்கொண்ட பேர். மாடிப்படிக்குக் கீழே, நிமிர்ந்தால் மண்டை இடிக்கிற பட்டறை. சுவரில் ஸ்பேனர்கள், தகர டப்பாவில் கிளட்ச் கேபிள்கள், வாசலில் அவருடைய சாம்பல் நிறப் பழைய வெஸ்பா, கையால் கியர் மாற்றுகிற வண்டி.

பட்டறைக்கு வந்தவர்கள் வண்டி சரியாகும்வரை எங்கே போக முடியும்? கதை கேட்டுத்தான் ஆகவேண்டும். உலகப் போர் முடிந்த சமயம். இத்தாலியில் குண்டு விழுந்து நொறுங்கிக் கிடந்தது ஒரு விமானத் தொழிற்சாலை. இனி விமானம் விற்காது, ஜனங்கள் ஏறிப் போக மலிவாக ஒரு வண்டி செய்வோம் என்று முதலாளி ஒரு விமானப் பொறியாளரைக் கூப்பிட்டார். அந்த மனுஷனுக்கு மோட்டார் சைக்கிள் என்றாலே ஆகாது. "ஆகாதவன் கையில குடுத்ததாலதான் இது உருப்பட்டுச்சு" என்பார் குளவி. எண்ணெய்க் கறை துணியில் படக்கூடாது என்று எஞ்சினைப் பின்சக்கரத்தை ஒட்டி மூடிவைத்தார். காலைத் தூக்கிப் போடாமல் ஏற நடுவில் இடம் விட்டார். விமானச் சக்கரம்போல முன்சக்கரத்தை ஒரு பக்கமாகத் தாங்கவிட்டார். பஞ்சரானால் சட்டென்று கழற்றலாம். இடுப்பு சிறுத்து, பின்புறம் பெருத்து, ரீங்காரம் போட்டு வந்து நின்றதைப் பார்த்த முதலாளி, குளவி மாதிரி இருக்கிறதே என்றாராம். "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாப்பத்தாறு" என்று முடித்துக் கிக்கரை உதைப்பார். வண்டி கிளம்பும். கதையும் ரிப்பேரும் ஒரே நேரத்தில் முடியும்படி பார்த்துக்கொள்வார்.

கதை சொல்லிக் கிடைத்த பேரைவிட அவருக்குப் பெரிது ஒன்று இருந்தது. கல்யாணமான புதிதில் அவர் மனைவி பின் சீட்டில் உட்கார்ந்து சொன்ன ஒரு வார்த்தை: "உங்க பின்னாடி உக்காந்தா தூக்கமே வருதுங்க." கியர் மாறுவது தெரியாமல் ஓட்டுகிறவனுக்கு இதைவிட என்ன பட்டம் வேண்டும்? எப்போதாவது அவள் திரும்பவும் சொல்வாள். அன்றைக்கு முழுக்க அவர் கால் தரையில் படாது.

அந்த வார்த்தைக்குத்தான் ஆபத்து வந்தது, அதுவும் வீட்டுக்குள்ளேயே. மனைவியின் தங்கை புருஷன், அதாவது சகலை, அதுவரை மெத்தை விற்றுக்கொண்டிருந்தான். திடீரென்று பெரிய சாலையில் புது வெஸ்பா ஷோரூமுக்கு மேனேஜர் ஆகிவிட்டான். மெத்தை விற்றவன்! ஸ்பார்க் பிளக்கையும் சுவர் பிளக்கையும் பக்கத்தில் வைத்தால் யோசித்துத்தான் சொல்வான். குளவிக்கு வயிறு எரிந்தது. எரிகிறது என்று வெளியே சொல்லவும் முடியவில்லை, ஏனென்றால் சகலை நல்லவன். கெட்டவனாக இருந்துதொலைத்தால் திட்டியாவது ஆற்றிக்கொள்ளலாம்.

ஷோரூமைப் பார்க்கப் போனார். வட்ட விளக்கோடு பிரிமவேரா, அறுகோண விளக்கோடு ஸ்பிரிண்ட், பெரிய எஞ்சினோடு திமிராக நிற்கிற ஜிடிஎஸ், சத்தமே போடாத மின்சார எலெட்ரிகா. இன்றும் உடம்பு இரும்புத் தகடுதான் என்பதைத் தட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டார். தட்டிய விரல் எடுக்க மனம் வராமல் அங்கேயே நின்றது. பொறாமையில் இது ஒரு மோசமான வகை: எதன்மேல் எரிச்சலோ அதன்மேலேயே ஆசையும் வரும்.

அப்போது சகலை ஒரு ஜோடிக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தான். "ஒரு விமானி, காதலியப் பாக்கப் போறதுக்குன்னே செஞ்ச வண்டி சார் இது!" குளவிக்குக் காதில் புகை வந்தது. எந்த விமானி? எந்தக் காதலி? ஆனால் அந்த ஜோடி ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்து, அங்கேயே முன்பணம் கட்டியது. உண்மையைச் சொல்லி இத்தனை வருஷத்தில் அவர் ஒரு நட்டு கூட விற்றதில்லை.

அடுத்த வாரம் சகலை தன் புது வண்டியில் குளவியின் மனைவியைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போய்விட்டு வந்தான். அவள் பையைக் கீழே வைத்துக்கொண்டே சொன்னாள்: "அந்த வண்டில உக்காந்தா தூக்கமே வருதுங்க."

குளவி கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார். உலகத்தில் எத்தனையோ வார்த்தை இருக்க, அதையா எடுத்துக் கொடுப்பாள்?

அந்தச் சமயத்தில்தான் சகலை ஒரு யோசனையோடு வந்தான். ஷோரூமின் முதல் ஆண்டு விழாவுக்குப் பழையதும் புதியதும் ஜோடியாக ஊர்வலம் வரவேண்டும். "உங்க வண்டிய நான் ஓட்டுறேன், என் வண்டிய நீங்க ஓட்டுங்கண்ணே. போட்டோ பிரமாதமா வரும். கியர் மட்டும் எனக்குக் கத்துக்குடுங்க."

கற்றுக்கொடுத்தார். பட்டறைக்குப் பின்னால் சமதளமான சந்து. இடது கை லீவரை அமுக்கு, பிடியைத் திருகு, மெதுவாக விடு. சகலை சீக்கிரமே பிடித்துக்கொண்டான், அதுவும் எரிச்சல்தான். ஆனால் ஒன்றைக் குளவி கவனித்தார். நிறுத்தவேண்டிய போதெல்லாம் அவன் இடது கை லீவரைத்தான் அமுக்கினான். புது வண்டியில் அது பின் பிரேக். பழைய வண்டியில் அது கிளட்ச். பின் பிரேக் வலது காலுக்குக் கீழே. சந்து மட்டமாக இருந்ததால் கிளட்சை அமுக்கினதும் வண்டி தானாக ஊர்ந்து நின்றது.

"பிரேக் கொஞ்சம் லூசா இருக்கு. ஆனா நின்னுடுதுண்ணே" என்றான் சகலை.

"ம்" என்றார் குளவி.

அவ்வளவுதான். பொய் சொல்லவில்லை, ஒரு "ம்". ஷோரூம் வாசல் சரிவு என்பது அவருக்குத் தெரியும். சரிவின் அடியில் கண்ணாடிக் கதவு. விழட்டும், பெரிய காயம் வேண்டாம், முட்டி சிராய்த்தால் போதும், எல்லோர் முன்னாலும் மூக்கு உடைபட்டால் போதும் என்று நினைத்தார். கெடுவான் கேடு நினைப்பான் என்பது அவருக்கும் தெரியும். தெரிந்தவர்களும் நினைக்கத்தான் செய்கிறார்கள்.

விழா அன்று சரிவின் மேலே இரண்டு வண்டிகளும் தயாராக நின்றன. கீழே கண்ணாடிக் கதவருகே கூட்டம், மச்சினி, போட்டோக்காரர். சகலை பழைய வெஸ்பாவில் ஏறினான். மனைவி நேராக அதன் பின்னால் போய் உட்கார்ந்தாள்.

"நீ எதுக்கு அதுல?" என்றார் குளவி.

"எனக்குப் பழகின சீட்டுங்க இது. புதுசுல நீங்க தனியாவே ஜம்முன்னு வாங்க."

குளவி புது வண்டியில் ஏறிக் கிளப்பிவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தார். சொல்லிவிடலாம், ஒரு வரிதானே, வாயைத் திறந்தும்விட்டார். அதற்குள் சகலை மைக்கை வாங்கி அந்தக் காதலிக் கதையை எடுத்துவிட்டான். கூட்டம் சிரித்தது. பின் சீட்டிலிருந்து அவளும் சிரித்தாள், கண்ணோரம் சுருங்க, நன்றாகவே சிரித்தாள். இவர் வாய் தானாக மூடிக்கொண்டது. மூடின அந்த நேரத்தில் வண்டி கிளம்பிவிட்டது.

சரிவில் அது வேகம் எடுப்பதைப் பார்த்தார். சகலையின் இடது கை லீவரை இறுக்குவதையும், வண்டி கட்டறுத்த மாடுபோல இன்னும் சுளுவாக உருள்வதையும் பார்த்தார். "கால்! வலது கால்!" என்று கத்திக்கொண்டே ஆக்சிலேட்டரைத் திருகினார். ஐயோ, அந்த நேரத்திலும் அந்தப் புது வண்டியின் வழவழப்பு அவருக்கு உறைத்தது. வேகம் ஏறியதும், கியரே இல்லாத அந்த வண்டியில், அடுத்த கியருக்காக அவர் இடது கை, யாரையும் கேட்காமல், வழக்கம்போல லீவரை ஒரே அமுக்காக அமுக்கியது.

பின்சக்கரம் பிடித்துக்கொண்டது. குளவி பறந்தார். கையை ஊன்றி, உருண்டு, வானத்தைப் பார்த்தபடி கிடந்தார். அவ்வளவு சத்தத்திலும் மனைவியின் குரல் பதறாமல் கேட்டது: "மாப்ளே, அது பிரேக் இல்ல. வலது காலை மிதிங்க. மெதுவா... அப்படித்தான்."

பழைய வெஸ்பா கண்ணாடிக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. கூட்டம் கைதட்டியது, இரண்டுமே ஏற்பாடு செய்த வேடிக்கை என்று நினைத்துவிட்டார்கள்.

முதலில் ஓடிவந்தது சகலைதான். குளவியைத் தூக்கி உட்காரவைத்து, வீங்கின மணிக்கட்டைப் பிடித்தபடி கண் கலங்கினான். "அண்ணே, என் வண்டில இடது கை பிரேக்குன்னு சொல்ல மறந்தே போயிட்டேன். தப்பு என் மேலதான். மன்னிச்சுடுங்கண்ணே."

அவன் மறந்திருந்தான். இவர் மறக்கவில்லை. அந்த வித்தியாசம் அங்கே இரண்டு பேருக்குத்தான் தெரியும். இரண்டாவது ஆள் சகலைக்குப் பின்னால் நின்று குளவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பார்.

வீங்கின மணிக்கட்டோடு ஓட்ட முடியாது. சகலை கார் ஏற்பாடு செய்கிறேன் என்றான். "வேண்டாம் மாப்ளே" என்று அவள் சாம்பல் நிற வெஸ்பாவின் முன் சீட்டில் ஏறினாள். ஒரே உதையில் கிளப்பினாள். குளவி தன் வண்டியின் பின் சீட்டில் அன்றுதான் முதன்முறையாக உட்கார்ந்தார்.

முதல் கியர் போனது. இரண்டாவது எப்போது விழுந்தது என்று தெரியவில்லை. மூன்றாவதும் தெரியவில்லை. தன்னைவிட நன்றாக ஓட்டுகிறாள் என்பது பெரிய சாலையைத் தாண்டுவதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது. பாழாய்ப்போன வயிறு அதற்கும் கொஞ்சம் எரிந்தது.

"எங்க கத்துக்கிட்ட?"

"உங்க தோளுக்கு மேல எட்டிப் பாத்துதான்" என்றாள். கொஞ்ச தூரம் போனபின், திரும்பாமலே கேட்டாள்: "நான் ஏறினப்புறமாவது சொல்லியிருக்கலாம்ல?"

குளவி மணிக்கட்டைத் தடவிக்கொண்டார். வண்டி ஒரே சீராக ரீங்காரம் போட்டுக்கொண்டு போனது. அவர் இமை கனத்தது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை.

"தூக்கம் வருது" என்றார்.

அவள் திருப்பத்தில் வலது காலை மெதுவாக மிதித்து, வீட்டுத் தெருவுக்குள் வண்டியைத் திருப்பினாள்.