சுவருக்குப் பின்னால் இருந்த மண்

மஸ்கெலியாவுக்கு மேலே, ஒரு தேயிலைத் தோட்டத்தின் கடைசி டிவிசனில் நாகலெட்சுமி பாலர் பாடசாலை நடத்திவந்தாள். தொழிலாளர் வரிசையாகக் குடியிருந்த லயத்தை ஒட்டிய பழைய பிள்ளைக் காம்பராதான் பாடசாலை. தாய்மார் கொழுந்தெடுக்க மலையேறும்போது பிள்ளைகளை அங்கே விட்டுப்போவார்கள். கொழும்புக்கு வேலைக்குப் போன புருஷன் வேறு குடும்பம் தேடிக்கொண்டான். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைகளின் இரைச்சல்தான் அவளுக்குத் துணை.

ஹட்டனில் வேன் ஓட்டும் நூர்தீன், வெளிநாட்டுப் பயணிகளை அடிக்கடி அங்கே கூட்டிவருவார். அவர்கள் பொம்மையும் பலூனும் கொண்டுவருவார்கள். தனுஷிகா என்ற சின்னப் பிள்ளையைத் தூக்கிவைத்துப் படம் எடுப்பார்கள். யார் கை நீட்டினாலும் ஒட்டிக்கொள்ளும் பிள்ளை அது. போவதற்கு முன் சுவருக்கு வர்ணம் பூசுவார்கள். ஒரு கூட்டம் வரைந்த பூவின் மேல் அடுத்த கூட்டம் வண்ணத்துப்பூச்சி வரையும்.

அந்தச் சுவருக்குப் பின்னால் மண்மேடு வெடித்திருந்தது. புரட்டாசியில் விரல் நுழைந்த வெடிப்பில் ஐப்பசி பிறந்ததும் கையே நுழைந்தது. தோட்ட ஆபீசில் சொன்னாள். பார்க்கிறோம் என்றார்கள்.

"நூர்தீன் நானா, இவங்ககிட்ட அந்த வெடிப்பைப் பத்திச் சொல்லுங்களேன்" என்று ஒருநாள் கேட்டாள்.

"லீவுக்கு வந்த ஆக்கள் டீச்சர். பயங்காட்டினா அடுத்த தடவை வேற தோட்டத்துக்குப் போயிருவாங்க."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் அடுத்த வாரம் வந்த கூட்டத்தில் மார்த்தா என்ற நரைத்த தலைப் பெண் தூரிகையை வர்ணத்தில் தோய்த்தபோது நாகலெட்சுமிக்குப் பொறுக்கவில்லை. தூரிகையை வாங்கிக் கீழே வைத்தாள். அந்த அம்மாளின் கையைப் பிடித்துப் பின்பக்கம் கூட்டிப்போய் வெடிப்பைக் காட்டினாள். மார்த்தா உள்ளே கைவிட்டுப் பார்த்தாள். முகம் வெளுத்துப்போயிற்று. நூர்தீனைத் திரும்பிப் பார்த்தாள். அவரும் அதற்கு மேல் எதையும் மறைக்கவில்லை.

"என்ன செய்யணும்னு கேக்கிறாங்க டீச்சர்."

இத்தனை காலத்தில் அப்படி யாரும் கேட்டதில்லை.

"இங்க ஒண்ணும் கட்ட வேணாங்க. கீழ கோயில் மண்டபத்தைச் சரிபண்ணிக் குடுத்தாப் போதும், பிள்ளைகளை அங்க கொண்டுபோயிர்றேன். மத்தியானத்துக்குக் கஞ்சி ஊத்தணும். அரிசியும் பயறும் ஹட்டன் கடையிலயே வாங்கலாம், அவங்க ஊர்லருந்து எதுவும் சுமந்துட்டு வர வேணாம். அப்புறம், லயத்துச் சனங்களும் இந்த மேட்டுக்குக் கீழதான் படுக்கிறாங்கன்னு சொல்லுங்க."

மற்றதெல்லாம் செய்யலாம், லயத்துச் சனங்களைக் குடிவைக்கக் காணி தங்கள் கையில் இல்லை என்று மார்த்தா தலைகுனிந்தாள்.

சொன்ன வாக்கைக் காப்பாற்றினாள். ஐப்பசி முடிவதற்குள் பாடசாலை கோயில் மண்டபத்துக்கு இறங்கியது. பிள்ளைகள் மத்தியானத்தில் சூடாகக் கஞ்சி குடித்தார்கள். பொழுது சாய்ந்ததும் தாய்மார் வந்து அவர்களை மறுபடி அந்த லயத்துக்கே தூக்கிப்போனார்கள். அவர்கள் மேடேறி மறையும்வரை நாகலெட்சுமி மண்டபத்து வாசலிலேயே நிற்பாள்.

தனுஷிகாவின் அப்பா சோலைமலையிடம் ஒருநாள் வாய்விட்டே சொன்னாள்: "வேற எங்கயாச்சும் போயிருங்களேன்."

"எங்க போறது டீச்சர்? காணி குடுத்தா நாளைக்கே போறோம்."

கார்த்திகையில் பிடித்த மழை விடவே இல்லை. ஒரு விடியற்காலையில் மேடு சரிந்து பிள்ளைக் காம்பராவையும் லயத்தின் கடைசி அறைகளையும் மூடியது. நாகலெட்சுமி குடியிருந்த அறை லயத்தின் மறு கோடியில் இருந்ததால் தப்பியது. சோலைமலை அப்போது நுவரெலியாவில் மரக்கறித் தோட்டத்தில் கூலிக்கு நின்றான். ஆட்கள் மண்வெட்டியோடு ஓடினார்கள். மத்தியானம்போல தனுஷிகாவையும் தாயையும் வெளியே எடுத்தார்கள். பிள்ளை தாயின் கழுத்தைக் கட்டியபடியே இருந்தது. முகத்து மண்ணை நாகலெட்சுமி முந்தானையால் துடைத்தாள். துடைக்கத் துடைக்க மண் வந்துகொண்டே இருந்தது.

மிஞ்சியவர்கள் கோயில் மண்டபத்தில் தங்கினார்கள். ரோடு உடைந்து கிடந்ததால் நூர்தீன் அரிசி மூட்டையைத் தோளில் சுமந்து நடந்தே வந்தார்.

"மார்த்தா அவங்க ஊர்லருந்து போன்ல பேசினாங்க டீச்சர். அங்க உடுப்பும் விளையாட்டுச் சாமானும் சேர்க்கிறாங்களாம். வேற என்ன வேணும்னு கேட்டாங்க."

"ஒண்ணும் அனுப்ப வேணாங்க. நம்ம தேயிலையத்தானே அவங்க ஊர்ல குடிக்கிறாங்க? அதை விக்கிற கம்பெனிக்காரங்ககிட்ட, இந்தச் சனங்களை எங்க படுக்க வைக்கிறீங்கன்னு கேக்கச் சொல்லுங்க. நாங்க கேட்டா யார் காதுலயும் விழாது."

மார்த்தா கேட்கத்தான் செய்தாள். ஆட்களைச் சேர்த்துக்கொண்டு கம்பெனி வாசலுக்கே போனாள். ஆழ்ந்த அனுதாபம் என்று பதில் வந்தது.

மழை விட்டதும் மிச்சமிருந்த அறைகளுக்குத் திரும்பச் சொல்லித் தோட்டத்தில் உத்தரவு போட்டார்கள். போக வேறு இடமில்லை. சட்டிபானைகளைத் தூக்கிக்கொண்டு வரிசையாக மேலே ஏறினார்கள். நாகலெட்சுமியும் ஏறினாள். செய்தி கேட்டு நுவரெலியாவிலிருந்து வந்திருந்த சோலைமலைக்குத் திரும்பிப்போக அறை இல்லை. மண்டபத்து மூலையிலேயே சுருண்டு கிடந்தான்.