பேரலில் மூழ்கிய லைஃப் ஜாக்கெட்

துறைமுகத்தில் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். விதிமுறைகள் எல்லாம் மனப்பாடம், கேட்கத்தான் ஆளில்லை.

ராயபுரத்தில் என் பக்கத்து வீட்டு அந்தோணி ஃபைபர் படகு வைத்திருக்கிறார். லைஃப் ஜாக்கெட்டை அவர் போட்டுக்கொள்வதில்லை, அதன்மேல் உட்கார்ந்துதான் படகு ஓட்டுவார். உள்ளே இருப்பது மலிவான ஃபோம், நசுங்கி அப்பளமாகிவிட்டது, இனி மிதக்காது என்றேன்.

"கடல்ல பொறந்தவன் சார் நானு. எனுக்கு இன்னாத்துக்கு அது?" என்று சிரித்தார்.

மீன் கடையில் பத்துக் கிலோ எடைக்கல்லை இரவல் வாங்கி, அந்த ஜாக்கெட்டில் கட்டி, அவர் வீட்டுத் தண்ணீர் பேரலில் போட்டேன். கல்லோடு மூழ்கியது. அடுத்து, நான் வாங்கி வந்த கிராஸ்லிங்க் பாலிஎதிலீன் ஃபோம் ஜாக்கெட். அதன் நுண்ணிய அறைகள் மூடியவை. தண்ணீர் நுழையாது, அழுத்தினாலும் பழைய வடிவத்துக்குத் திரும்பும். கல்லைச் சுமந்துகொண்டு மிதந்தது.

பார்த்துக்கொண்டிருந்த அவர் மனைவி ஸ்டெல்லா சொன்னார்: "யோவ், இத்த மாட்டிக்கினு போறதுன்னா போ. இல்லாங்காட்டி வூட்லயே கெட."

அடுத்த வாரமே துறைமுக வாயிலில் ஒரு அலை படகைக் கவிழ்த்தது. வேறொரு படகு வரும்வரை அந்தோணி அந்தப் புது ஜாக்கெட்டில் மிதந்துகொண்டிருந்தார். கரையேறியதும் நேராக என்னிடம் வந்தார்.

"அந்த எடைக்கல்லு நான்தான் சார்!"

இப்போது நான் யாரிடமும் விதிமுறை பேசுவதில்லை. எடைக்கல்லோடு படகுத்துறைக்குப் போகிறேன். மீனவர்கள் படகில் உட்காருவதற்கு அதே ஃபோமில் கெட்டியான ரகத்தை வெட்டிக் கொடுக்கிறேன். மெத்தை கிடைத்த பிறகுதான் ஜாக்கெட் உடம்பில் ஏறுகிறது.