ஆளுக்கு ஆயிரம் ரூபாய்

வங்கிக் காசாளர் வேலை என்பது, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு அடுத்தவர் பணத்தை அவரிடமே தருமம் கொடுக்கிற மாதிரி கொடுக்கும் வேலை. நீங்களும் ஏதாவது ஒரு கவுண்டரில் "நாளைக்கு வாங்க" என்ற பதிலைக் கேட்டு நொந்தவராகத்தான் இருப்பீர்கள். அதைச் சொல்லிச் சொல்லியே நொந்தவன் நான். எங்கள் நகர வங்கிக்குத் தலைமை அலுவலகம் திருவள்ளூரில். நான் இருந்த கிளை கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் போகிற வழியில். இரண்டாயிரமாம் ஆண்டுக்குப் பிறகு வந்த அந்தச் சில வருஷங்களை நினைத்தால் இன்னும் எனக்கு வாய் கசக்கிறது.

தெரிந்த முகம்

பெரிய வங்கிகளைவிட நாங்கள் அரை சதவீதம் வட்டி கூடக் கொடுத்தோம். டெபாசிட் பிடித்து வரச் சொல்லி எங்களை வீடு வீடாகவும் அனுப்பினார்கள். தேவராஜ் வீட்டுக்கு நான் போனது அப்படித்தான். தகடு வெட்டும் பிரஸ் மிஷின் ஓட்டுகிறவர், முப்பது வயசுக்குள். அந்த மிஷின் அவருடைய வலது கையில் கட்டைவிரலைத் தவிர மீதி நாலையும் எடுத்துக்கொண்டது. கம்பெனி நஷ்டஈடாக ஒரு செக் கொடுத்திருந்தது. எங்களிடம் அவருக்குப் பழைய சம்பளக் கணக்கு இருந்தாலும், இதை வேறு பெரிய வங்கியில் போடலாமென்று யோசித்துக்கொண்டிருந்தார்.

நான் விடவில்லை. அங்கே டோக்கன் வாங்கிக்கொண்டு கால் கடுக்க நிற்கவேண்டும், உங்கள் பெயர்கூட அவர்களுக்குத் தெரியாது, இங்கே நான் இருக்கிறேன் என்று அரை மணி நேரம் பேசினேன். அவர் மனைவி கொடுத்த டீயையும் குடித்தேன். கடைசியில் இடது கையால் செக்கை எடுத்து நீட்டினார் தேவராஜ். "சரி சார், உங்க பேங்குலயே போடுங்க. நாளைக்கு ஒண்ணுன்னா தெரிஞ்ச மொகம் ஒண்ணு இருக்குதில்ல."

பத்து ரூபாய் நோட்டு

தலைமை அலுவலகம் இரண்டு மூன்று கம்பெனிகளுக்கு அளவில்லாமல் கடன் கொடுத்து மாட்டிக்கொண்டது என்று ஒரு நாள் பேச்சு கிளம்பியது. மறுநாள் காலை நான் மீஞ்சூரிலிருந்து ரயிலேறி வந்து இறங்கும்போதே வங்கி வாசலில் இருநூறு பேர். எங்கள் மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். எல்லாருக்கும் சின்ன நோட்டாகக் கொடு, ஒவ்வொரு கட்டையும் இரண்டு தடவை எண்ணு, சாயங்காலம்வரை ஓட்டிவிட்டால் கூட்டம் அடங்கிவிடும் என்றார். நானும் ஈரப் பஞ்சைத் தொட்டுத் தொட்டு எண்ணினேன். அப்படிப் பொறுமையாக என் கல்யாண மொய்ப்பணத்தைக்கூட நான் எண்ணியதில்லை.

பழவேற்காட்டில் இறால் வியாபாரம் செய்யும் காசிம் பாய் வரிசையில் முன்னால் இருந்தார். பத்து ரூபாய்க் கட்டுகளைப் பையில் அடுக்கிக்கொண்டே என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "நல்லா கீற பேங்கு பத்து ரூவா நோட்டா குடுக்குமா தம்பி? நானு எறா யாவாரி. ஐஸு கம்மியாச்சுன்னா எனுக்கு மொதல்ல மூக்குலதான் தெரியும்."

பொருந்தாத கையெழுத்து

அதே நாள், கவுண்டர் மூட கால் மணி நேரம் இருக்கும்போது தேவராஜ் வந்தார். ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு நாஷ்டா கடை கைமாறுகிறது. மச்சானிடம் கைமாற்று வாங்கி அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் பாக்கியைக் கட்டினால் கடை அவருக்கு, இல்லாவிட்டால் அட்வான்ஸும் போய்விடும். மிஷின் வேலைக்கு இனி யாரும் கூப்பிடப்போவதில்லை என்பதால் அந்தக் கடைதான் அவருக்கு மிச்சமிருந்த ஒரே பிழைப்பு. முழுப் பணத்துக்கும் படிவம் எழுதி, இடது கையால் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

எங்களிடம் இருந்த அட்டையில் சம்பளக் கணக்கு தொடங்கியபோது அவர் வலது கையால் போட்ட பழைய கையெழுத்து. இரண்டும் எப்படிப் பொருந்தும்? அவர் யார் என்று எனக்குத் தெரியும். அந்தக் கை எப்படிப் போனது என்றும் தெரியும். மேனேஜர் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் அடுத்த நிமிஷம் பணம் கொடுத்திருக்கலாம். ஆனால் அன்று காலை அவரே இன்னொன்றும் சொல்லியிருந்தார்: தேதி, அடித்தல் திருத்தல், கையெழுத்து, எந்தக் குறை கிடைத்தாலும் பிடித்துக்கொள், திருப்பி அனுப்பு. நான் பிடித்துக்கொண்டேன். போட்டோவும் புதுக் கையெழுத்துக்கு அத்தாட்சியும் கொண்டு நாளைக்கு வாங்க என்றேன். தேவராஜ் தன் வலது கையை ஒரு தடவை பார்த்தார், படிவத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை, குனிந்து நோட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். மேனேஜர் வந்து தோளைத் தட்டினார். "சபாஷ்யா. இன்னிக்கு ஒரு பெரிய அமௌண்ட்ட மிச்சம் பண்ணிட்டே."

பாதி ஷட்டர்

மறுநாள் வங்கி முழுதாகத் திறக்கவில்லை. மேலிடத்து உத்தரவு ஷட்டரில் ஒட்டியிருந்தது: மறு அறிவிப்பு வரும்வரை கணக்குக்கு ஆயிரம் ரூபாய் மட்டும், அதுவும் ஒரே ஒரு தடவை. ஷட்டரைப் பாதி இறக்கி வைத்துக்கொண்டு நாங்கள் உள்ளே உட்கார்ந்தோம். வாங்க வந்தவர்கள் எல்லாரும் குனிந்துதான் உள்ளே வரவேண்டியிருந்தது. தேவராஜும் போட்டோவோடும் அத்தாட்சியோடும் குனிந்து வந்தார். அவற்றை யாரும் வாங்கிப் பார்க்கவில்லை. ஆயிரம்தானே, இடது கைப் பெருவிரல் ரேகை போதும் என்று மேனேஜர் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார்.

கல்லெறியும் நடந்தது. பெயர்ப்பலகை உடைந்தது. பாதுகாப்புக்கு ஒரு போலீஸ்காரரை அனுப்பினார்கள். அவர் மூன்று நாள் கூட்டத்தை அதட்டி ஒழுங்கு பண்ணினார். நாலாவது நாள் லத்தியை நாற்காலியில் சாத்திவிட்டுத் தன் சட்டைக்குள்ளிருந்து எங்கள் பாஸ்புக்கை எடுத்தார். "கூட்டத்த நான் பாத்துக்கறேன் சார். என்னோட ஆயிரத்த இன்னிக்காவது குடுத்துடுங்க, ஊட்ல சண்ட போடுறாங்க."

பாலிஷ் போடப் போன கம்மல்

நகைக் கடன் வாங்கியவர்கள் பாடு இன்னும் மோசம். கடனை அடைக்கக் கையில் பணத்தோடு வருவார்கள். பெட்டகத்துச் சரிபார்ப்பு முடியாமல் நகையைத் தரக்கூடாது என்று எங்களுக்கு உத்தரவு. தொழிற்பேட்டையில் பெருக்குகிற வேலை செய்யும் லட்சுமி, வீட்டுக்காரருக்குத் தெரியாமல் கம்மலை அடகு வைத்திருந்தார். வாராவாரம் வந்து, கொடுக்காவிட்டாலும் பரவாயில்லை, கம்மல் இருக்கிற பையையாவது காட்டுங்கள் என்று கேட்பார். அதற்கும் அனுமதி இல்லை என்று நான் சொல்வேன். ஒரு நாள் அவருக்குப் பொறுமை போய்விட்டது. "பாலிஷ் போடக் குடுத்துக்கீறேன்னு நாப்பது நாளா ஊட்ல சொல்லிக்கினு கீறேன். எந்த ஊரு பத்தரு சார் நாப்பது நாளு பாலிஷ் போடுவான்? நீயே ஒரு நல்ல பொய்யா சொல்லிக் குடு."

வாழைமரம் கட்டிய நாள்

பதினாலு மாதம் கழித்து வேறொரு வங்கி எங்களை வாங்கிக்கொண்டது. புதுப் பலகை, வாசலில் வாழைமரம், வருகிறவர்களுக்குக் கேசரி. வந்தவர்கள் கேசரியையும் சாப்பிட்டார்கள், கணக்கையும் முடித்துக்கொண்டு போனார்கள். ஒருத்தர் முகத்திலும் சந்தோஷம் இல்லை.

தேவராஜ் மத்தியானம் வந்தார். அந்த வெள்ளிக்கிழமையே கடை வேறு ஆளுக்குப் போய்விட்டது. அட்வான்ஸ் போன கோபத்தில் மச்சான் பேசுவதை நிறுத்திவிட்டார். இவர் ஒரு லாரி ஷெட்டில் வண்டி நம்பர் குறித்துக்கொண்டு, ரொம்பக் குறைந்த சம்பளத்தில் இருந்தார். பணத்தை எடுத்துக் கொடுத்தேன். எண்ணாமல் பையில் வைத்தார். என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. கவுண்டரை விட்டு வெளியே வந்து, அன்றைக்கு நான் நினைத்திருந்தால் கொடுத்திருக்கலாம், தெரிந்தேதான் திருப்பி அனுப்பினேன், மன்னித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ரொம்ப சாதாரணமாகச் சொன்னார். "உங்க மேல தப்பு இல்லன்னுதான் சார் எல்லாரும் சொன்னாங்க. கையி போனப்பவும் கம்பெனில அப்டித்தான் எழுதிக் குடுத்தாங்க, மிஷின் மேல தப்பு இல்லன்னு."

அந்தப் பதினாலு மாதமும் என் சம்பளம் மட்டும் ஒரு நாள் பிந்தாமல் வந்தது என்பதையும் இந்த உத்தியோகத்தின் பெருமைகளில் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.